பத்துக் கிலோபைட்டில் ஒரு கணிப்பொறி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் உள்ளது திருநின்றவூர். அவ்வூர்ப் பூசலாரின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கோயில் கட்டப் பொருள் கிடைக்காமற்போகவே, கடைக்கால் முதல் சிகரம் வரை மனத்திலேயே கட்டி முடித்தவர் அவர். கணிப்பொறிக்கு அவ்வாறு செய்ய இயலாது. அது ஒன்றை நினைவிற்கொள்ள ஒரு பொருள் வேண்டும். அப்பொருளுக்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்துக்கு ஓர் எண்ணும் வேண்டும். இம்மூன்றையும் கண்ணால் காணத்தக்க இயந்திரம் ஒன்று நம் நாட்டிலேயே உருவாயிற்று.

சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றவர் ஆர். நரசிம்மன். அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1954-இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவரது தலைமையில் இளைஞர் குழுவொன்று முதலில் ஒரு முன்னோடிப் பொறியைச் செய்து பழகியது. பிறகு கட்டிய முழு அளவுப் பொறி 1960 பிப்ரவரியில் முறைப்படி பணிக்கு வந்தது. 1962-இல் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு.

ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் கொண்ட அப்பொறியின் நினைவகத்தில் 2,048 'சொற்கள்' அடங்கும். சொல் என்றால் நாம் பேசும் சொல்லன்று. 40 பிட்டுகள் சேர்ந்த தொகுதி. பிட் என்பது 0 அல்லது 1. ஆக மொத்தம் 81,920 பிட்டுகள். எட்டுப் பிட்டு ஒரு பைட் என்னும் இன்றைய கணக்கில் வகுத்துப் பாருங்கள்: 10,240 பைட், அதாவது சரியாகப் பத்துக் கிலோபைட். இன்றைய யூனிகோடு முறையில் 'திருநின்றவூர்' என்று ஒரு முறை எழுதிவைக்க 39 பைட் ஆகிறது. டிஃப்ராக்கின் நினைவகம் முழுவதையும் கொடுத்தாலும் அந்த ஊர்ப்பெயரை 262 முறைதான் எழுதலாம்!

அந்த நினைவகம் எதனால் ஆனது? ஃபெரைட் என்னும் காந்தப் பொருளாலான, கடுகையொத்த சிறு வளையங்களால். பிட்டுக்கு ஒரு வளையம். அதன் காந்தப்புலம் வலமாகச் சுற்றினால் 1, இடமாகச் சுற்றினால் 0 என்று கொள்ளலாம். ஒவ்வொரு வளையத்துக்கும் தனிக் கம்பி இழுத்தால் கம்பிகளே மலையாகிவிடும் அல்லவா? ஆகவே பாயின் பாவும் ஊடும் போலக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அவை வெட்டும் இடந்தோறும் ஒரு வளையத்தைக் கோத்தனர். தேவையான மின்னோட்டத்தில் பாதி நெடுக்குக் கம்பியில், பாதி குறுக்குக் கம்பியில். இரண்டும் கூடும் வளையம் மட்டுமே புரளும். 32 நெடுக்கு, 32 குறுக்கு என 64 கம்பிகளைக் கொண்டு 1,024 வளையங்களில் எதை வேண்டுமானாலும் ஆளலாம். இதைவிட அழகான பொறியியல் யோசனைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். இவ்வலைகளை அக்காலத்தில் பெரும்பாலும் பெண்களே கையால் கோத்தனர். மின்சாரம் நின்றாலும் வளையம் தன் நிலையை மறப்பதில்லை.

1,024 என்ற எண் எங்கிருந்து வந்தது? இட எண்ணையும் கணிப்பொறி 0, 1 கொண்டே எழுதுகிறது. பத்து இலக்கங்களால் 1,024 இடங்களைச் சுட்டலாம். பதினோராவது இலக்கம் சேர்த்தால் 2,048. இலக்கம் ஒன்று கூடினால் இடம் இருமடங்கு. நினைவகத்தின் கிலோ 1,024 ஆனது இதனால்தான். வன்தட்டுக்காரர்களோ ஆயிரம் ஆயிரமாகவே பெருக்குகிறார்கள். எனவேதான் 500 ஜி.பி. என்று வாங்கிய தட்டு விண்டோஸில் 465 என்று காட்டுகிறது, கடைக்காரர்மீது குற்றமில்லை. 1,024-க்கெனக் 'கிபிபைட்' என்ற தனிப்பெயரை 1998-இல் வகுத்தார்கள். கடைத்தெருவில் அது செல்லுபடியாகவில்லை.

1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளைத் தாங்கியது. வளையங்களின் காலம் அதனோடு முடியத் தொடங்கிற்று. இன்றைய ரேமில் பிட் என்பது நுண்ணிய மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம். அது கசியும், ஆகவே விநாடிக்குப் பலமுறை மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். மின்வெட்டு வந்தால், சேமிக்காத பாடம் போயிற்று.

8 ஜி.பி. ரேம் என்பது டிஃப்ராக்கைப் போல 8,38,860 மடங்கு. அதை இன்று திருகுளிகூட இல்லாமல் செருகிவிடலாம். ஆயினும் பழைய விதி மாறவில்லை: இடம் இருந்தால் போதாது, இட எண்ணும் எட்டவேண்டும். 32 இலக்கங்கள் சுட்டக்கூடிய பைட்டுகள் 4,29,49,67,296. அதாவது 4 ஜி.பி. வீடுகளில் உள்ள 32 பிட் விண்டோஸில் நீங்கள் 8 ஜி.பி. செருகினாலும் 4-க்கு மேற்பட்டது வீண். ஆகவே பழைய கணிப்பொறிக்கு ரேம் வாங்குமுன் அதன் இயக்கமுறை 64 பிட்டா என்று பாருங்கள். தாய்ப்பலகை எவ்வளவு ஏற்கும், டி.டி.ஆர். 3-ஆ 4-ஆ என்பதையும் கேளுங்கள். இரண்டிலும் பலகையின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் பள்ளத்தில் மற்றது இறங்காது, அழுத்திப் பார்க்கவேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் 8-க்குப் பதில் 7 சொச்சம் காட்டினால் கவலை வேண்டா. திரையில் படம் வரையும் பகுதி தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்.