நாய்க்கு உணவை மாற்றும்போது கழிச்சல்: தடுப்பது எப்படி?

ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்துக்கும் காவலாக இருக்கும் நாய்கள் பெரும்பாலும் சோறு, கம்பங்கூழ், மோர், மீன் குழம்பு என்று வீட்டு உணவிலேயே வளர்கின்றன. அப்படி வளர்ந்த நாய்க்கு ஒரே நாளில் கடைத் தீவனத்தை வைத்தால், அடுத்த நாளே கழிச்சல் கண்டுவிடும். தீவனம் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. பல நேரங்களில் காரணம், உணவை மாற்றிய வேகம்தான்.

ஏன் கழிகிறது?

நாயின் குடலில் உள்ள நுண்ணுயிரிகளும், கணையம் சுரக்கும் நொதிகளும் வழக்கமான உணவுக்கு ஏற்றபடி அமைந்திருக்கும். மாவுச்சத்து அதிகமான சோற்றிலிருந்து புரதமும் கொழுப்பும் கூடிய தீவனத்துக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். அதுவரை செரிக்காத உணவு பெருங்குடலில் புளித்து, வாயுவையும் இளகிய மலத்தையும் உண்டாக்குகிறது. பசுவுக்குத் திடீரென அதிக அளவில் அரிசிச்சோறு வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். நாயின் வயிறு வேறு வகை என்றாலும் பாடம் ஒன்றுதான்.

மாற்றும் முறை

* 1, 2-ஆம் நாள்: பழைய உணவு 3 பங்கு, புதியது 1 பங்கு
* 3, 4-ஆம் நாள்: இரண்டும் சரிபாதி
* 5, 6-ஆம் நாள்: பழையது 1 பங்கு, புதியது 3 பங்கு
* 7-ஆம் நாள் முதல்: புதிய உணவு மட்டும்

இடையில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, இரண்டு நாள் கழித்துத் தொடரவும். குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் 10 நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து குட்டி வாங்கினால், அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு முதல் வாரம் அதையே கொடுக்கவும். உலர் தீவனத்தில் ஈரப்பதம் சுமார் 10 சதவீதமே இருப்பதால், தண்ணீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்.

எது இயல்பு, எது ஆபத்து?

ஓரிரு நாட்கள் மலம் சற்று இளகுவதும், நிறம் மாறுவதும், வாயு பிரிவதும் இயல்பு. நாய் சுறுசுறுப்பாக இருந்து, தீனியும் தண்ணீரும் எடுத்தால் கவலை வேண்டாம்.

கீழ்க்கண்டவை இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவும்:

* மலத்தில் இரத்தம், கடும் துர்நாற்றம்
* திரும்பத் திரும்ப வாந்தி
* தீனி எடுக்காமல் சோர்ந்து படுத்தல்
* ஈறு வெளுத்தல். பிடித்து விட்ட தோல் உடனே படியாமல் நிற்றல்

குறிப்பாக, தடுப்பூசி போடாத 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் இருந்தால், அது பார்வோ நச்சுயிரி நோயாக இருக்கலாம். 'தீனி மாற்றியதால்தான்' என்று ஒருநாள் காத்திருந்தாலும் குட்டியை இழக்க நேரிடும்.

லேசான கழிச்சலுக்கு

குழைய வேகவைத்த சோற்றுடன், தோல் நீக்கி உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழிக்கறியைச் சேர்த்து, சிறிது சிறிதாக நாளுக்கு 3, 4 முறை கொடுக்கவும். பால் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, கழிச்சல் கூடும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. இரண்டு நாளில் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கவும்.

தவிர்க்க வேண்டியவை

* வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு: இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்
* வேகவைத்த எலும்பு: கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம்
* திராட்சை, சாக்லேட்: நஞ்சாகும்
* ஆடு அறுத்த இடத்தின் பச்சை ஈரல், நுரையீரல்: இவற்றிலுள்ள நீர்க்கட்டிகளைத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் நாயின் மலம் வழியாக ஆட்டுக்கும் மனிதருக்கும் பரவி, ஈரலிலும் நுரையீரலிலும் மீண்டும் கட்டிகளை உண்டாக்கும்

குடற்புழு இருந்தாலும் கழிச்சல் வரும். எனவே உணவை மாற்றும் முன் குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் முறையாகச் செய்யப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். மருந்தகம் செல்லும்போது உணவு மாற்றிய நாளைக் குறித்துக்கொண்டு, மல மாதிரியையும் எடுத்துச் சென்றால் காரணத்தை விரைவில் கண்டறியலாம்.