‘பை-ராட்ஸ் 4’னு ரிப்போர்ட் வந்தா, அது கேன்சர்தானா?

கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம், அங்கிருந்து தென்காசிக்கு பஸ். மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கு ஸ்கேன் எடுத்துட்டுத் திரும்புறீங்க. வர்ற வழியில ரிப்போர்ட்டைப் பிரிச்சா, கடைசி வரியில் ‘பை-ராட்ஸ் 4’. உடனே கை மொபைலுக்குப் போகும். ஊர் வந்து சேர்றதுக்குள்ள, ‘எனக்கப்புறம் பிள்ளைகளை யார் பார்ப்பா’ங்கிற வரைக்கும் மனசு ஓடிடும்.

கொஞ்சம் நில்லுங்க. அந்த எண் நோயின் பெயர் இல்லை, சந்தேகத்தின் அளவு.

எண் என்ன சொல்லுது?

பை-ராட்ஸ் 3 என்றால், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இல்லை. 5 என்றால் 95 சதவிகிதம் அல்லது அதற்கும் மேல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 4, ‘திசுவை எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது’ என்பதற்கான குறி. புற்றுநோய் அல்லாத சில கட்டிகள், ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுநோய் மாதிரியே தெரியும்.

வேஷம் போடும் கட்டிகள்

கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்: பெரும்பாலும் குழந்தை பெற்ற சில வருடங்களுக்குள் வரும் அழற்சி. கெட்டியான கட்டி, உள்ளிழுத்த காம்பு, சில நேரம் சீழ், புண்கூட இருக்கும். ஆற மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். திரும்ப வரவும் செய்யும். அவசரப்பட்டு அறுத்தால் ஆறாத புண் மிஞ்சலாம். அதனால் பலருக்கு மருந்தும் கண்காணிப்பும்தான் முதல் வழி.

மார்பகக் காசநோய்: மேலே சொன்னது மாதிரியேதான் தெரியும். சிகிச்சை மட்டும் நேரெதிர். அழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, காசநோயைக் கிளப்பிவிடும். அதனால் ஸ்டீராய்டு தொடங்கும் முன், ‘டி.பி இல்லைன்னு பார்த்தாச்சா டாக்டர்?’னு கேளுங்க. காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கொழுப்புத் திசு சிதைவு: பைக்கில் விழுந்தது, மார்பில் அடிபட்டது, முன்பு செய்த ஆபரேஷன்... இவற்றுக்குப் பிறகு வரும். அடிபட்டது நமக்கே மறந்துபோயிருக்கும். பயாப்ஸியில் உறுதியானால் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது.

ஃபைப்ரோஅடினோமா: இளம்பெண்களுக்கு அதிகம் வருவது. விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும். சிறிதாக இருந்து வளராவிட்டால், கண்காணித்தாலே போதும்.

ஊசிதான் தீர்ப்பு

டாக்டர் கையால் பரிசோதிப்பது, ஸ்கேன், கோர் பயாப்ஸி - இந்த மூன்றும் சேர்ந்துதான் முடிவு. 30 வயதுக்குள் என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட். 40-க்கு மேல் மேமோகிராமும் சேரும். கோர் பயாப்ஸியில் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் துளித் திசு எடுப்பாங்க. அன்றைக்கே வீட்டுக்கு வந்துடலாம். ‘ஊசி குத்தினா கேன்சர் பரவிடும் மதினி’ன்னு பக்கத்து வீட்டில் சொன்னா, நம்பாதீங்க. அந்தப் பேச்சைக் கேட்டுத் தள்ளிப்போடுற நாள்தான் ஆபத்து. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

நல்ல ரிசல்ட் வந்த பிறகும்...

பயாப்ஸி ‘புற்றுநோய் இல்லை’ன்னு சொல்லி, ஸ்கேன் மட்டும் ‘5’னு சொன்னா, சந்தோஷத்தில் ஃபைலை மூடிடாதீங்க. ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம். ‘ரெண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகுதா?’ - இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. ஒத்துப்போகலைன்னா மறுபடி திசு எடுக்கணும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பால்கட்டு, சீழ்க்கட்டு மாதிரி சிவந்து வீங்கியே தொடங்கும் புற்றுநோயும் இருக்கு. ஆன்டிபயாடிக் எடுத்து ஓரிரு வாரத்தில் குறையலைன்னா, அடுத்த கோர்ஸ் மாத்திரை வாங்காம பயாப்ஸி பற்றிக் கேளுங்க. காம்பிலிருந்து ரத்தம், ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிவிழுந்த சருமம், அக்குளில் கட்டி இருந்தா ஒரு நாளும் தாமதிக்காதீங்க. வலி இல்லைங்கிறது ஆறுதலுக்கான காரணமே இல்லை.

ஸ்கேன் ஃபிலிம், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைலில் வைங்க. மொபைலில் போட்டோவும் எடுத்துக்கோங்க. வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்க, பயாப்ஸி ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கலாம்.

பை-ராட்ஸ் 4 பார்த்த அந்த ராத்திரி தூக்கம் வராதுதான். மறுநாள் காலையில் கூகுளைத் திறக்காம, பயாப்ஸிக்குத் தேதி வாங்குங்க.