செட்டிநாட்டு வளவு: வம்சக் கணக்கில் எழுந்த வீடு

நாட்டுக்கோட்டை நகரத்தார் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் பேச்சு சுற்றிச் சுற்றி நான்கு கேள்விகளுக்கு வந்து சேரும்: எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பிரிவு, யார் வீடு. ஊர் தெரிந்தால் பாதி விவரம் தெரிந்த மாதிரி. கோயில் தெரிந்தால் பங்காளியா, சம்பந்தம் செய்யக்கூடியவரா என்பது தெரிந்துவிடும். கடைசிக் கேள்விக்கு மூன்று நான்கு தலைப்பெழுத்துகளைக் கொண்ட ஒரு விலாசம் விடையாக வரும். அதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவரின் நினைவுக்கு வருவது ஒரு முகப்பு, ஒரு தெரு, அந்த வீட்டில் நடந்த ஒரு கல்யாணம். வம்சம் விசாரிக்கத் தொடங்கிய பேச்சு வீட்டைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். செட்டிநாட்டு வீடுகள் கட்டப்பட்ட முறையே அதற்குக் காரணம்.

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் வறண்ட நிலப்பகுதி. காரைக்குடி, தேவகோட்டை ஆகிய நகரங்களும் கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கடியாபட்டி முதலிய ஊர்களும் இதில் அடங்கும். நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பது வழக்கு. இன்று எழுபதுக்கு மேற்பட்டவை எஞ்சியிருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வெளியேறிய வணிகர்களுக்குப் பாண்டிய மன்னன் இளையாத்தங்குடியை அளித்தான் என்றும், அங்கிருந்து அவர்கள் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தார்கள் என்றும் குலமரபு சொல்கிறது. ஏன் வெளியேறினார்கள் என்பதற்கு அரசனின் கொடுமை என்று ஒரு கதையும் கடல்கோள் என்று இன்னொரு கதையும் உண்டு. வீடுகளின் தளம் தெருமட்டத்திலிருந்து நன்கு உயர்த்திக் கட்டப்பட்டிருப்பது கடல்கோளின் நினைவால்தான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையானும் மழைநீரும் உயரமான தளத்துக்குப் போதிய காரணங்களே. கதைகளைத் தாண்டி ஆவணங்களில் நகரத்தார் தெளிவாகத் தென்படுவது 17ஆம் நூற்றாண்டில், உப்பு வணிகர்களாகவும் பழனிக்குக் காவடி எடுத்துச் செல்பவர்களாகவும்.

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகியவை அந்த ஒன்பது கோயில்கள். பெரிய கோயில்களான இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் ஏழேழு உட்பிரிவுகள் உண்டு. இரணியூராரும் பிள்ளையார்பட்டியாரும் தங்களைச் சகோதரர்களாகக் கருதுவதால் அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. திருமணத்தின்போது இரு தரப்புக் கோயில்களிலிருந்தும் மாலை வரவேண்டும். அதன்பின் புதுத் தம்பதி மணமகனின் கோயிலில் ஒரு புள்ளியாகச் சேர்க்கப்படுவார்கள். கோயிலுக்கு வரி கட்டுவதும் ஊர்ப் பொதுச் செலவில் பங்கு கொடுப்பதும் இந்தப் புள்ளிக் கணக்கில்தான். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மணமாகாதவருக்குக் கணக்கில் இடமில்லை. ஆண் வாரிசு இல்லாத குடும்பம் புள்ளி அறுந்துபோகாமல் இருக்கப் பங்காளிகளுக்குள் பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும். ஒரு குலத்தின் வம்சாவளி இப்படிக் கோயில் கணக்காகவே எழுதப்பட்டு வந்தது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு இந்தப் புள்ளிக் கணக்கையே பின்பற்றுகிறது. ஒரு தெருவில் தலைவாசலும் அதற்கு இணையான அடுத்த தெருவில் பின்வாசலும் இருக்கும்படி நீண்டு கிடக்கும் மனை. தலைவாசலில் நின்றால் நிலை நிலையாகக் கடந்து கொல்லைப்புற வாசல் வரை பார்வை நேராகப் போகும். முதலில் முகப்பு: திண்ணைகள், தூண்கள், கணக்குப்பிள்ளையும் வெளியாட்களும் வந்து உட்காரும் இடம். அடுத்து வேலைப்பாடு மிகுந்த பெரிய நிலை, அதன் மேல் பெரும்பாலும் கஜலட்சுமி. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். வளவுக்கு அப்பால் இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும், சாமான்கள் இருக்கும். அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும்.

வளவின் இரு மருங்கிலும் இருக்கும் அறைகள்தான் வீட்டின் உயிர்நிலை. முன்னால் ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை என்று இணையாக அமைந்த இவற்றை இரட்டை வீடு என்பார்கள். மகனுக்குத் திருமணமானால் ஓர் இரட்டை வீடு அவனுக்கு ஒதுக்கப்படும். படுக்கவும், மருமகள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களையும் நகைகளையும் பூட்டி வைக்கவும் அதுவே இடம். மற்றபடி அன்றாட வாழ்க்கை முழுவதும் தாழ்வாரத்திலும் முற்றத்திலும்தான். அறைக்குள் காற்றும் வெளிச்சமும் குறைவு என்று இன்றைய கட்டடக் கலைஞர்கள் குறை சொல்வது சரிதான். ஆனால் அந்த அறைகள் முதலில் பெட்டகங்கள், பிறகுதான் படுக்கையறைகள்.

திருமணமாகிச் சிறிது காலத்தில் மகனையும் மருமகளையும் வேறு வைப்பார்கள். பிற இடங்களில் வேறு வைப்பது என்றால் வீட்டை விட்டுப் போவது. நகரத்தாரிடம் அது அதே கூரைக்கடியில் அடுப்பு மட்டும் தனியாவது. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று தகப்பனார் அளந்துவிடுவார். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். ஒரே அடுப்படியில் மாமியார் அடுப்பு ஒன்று, மருமகள்களின் அடுப்புகள் தனித்தனி. கூட்டுக்குடும்பம் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது ஒரே கூரைக்கடியில் பல தனிக் குடும்பங்கள் கணக்குத் தனித்தனியாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. மருமகள்களுக்குள் செலவுப் பூசல் எழ வழியில்லை. இளைய தலைமுறையும் சிக்கனத்தைச் சிறுவயதிலேயே பழகியது. வணிகக் குடும்பம் வீட்டுக்குள்ளும் வணிகக் கணக்கையே கையாண்டது எனலாம்.

பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடுவது வழக்கம். அதனால் ஒரு வம்சத்தில் இரண்டு மூன்று பெயர்களே மாறி மாறி வந்துகொண்டிருக்கும். விலாசம் அந்தப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து உருவானது. அதுவே தொழில் நிறுவனத்தின் பெயராகவும், வீட்டின் அடையாளமாகவும் நின்றது. ஒரே ஊரில் நான்கு சிதம்பரம் செட்டியார்கள் இருந்தாலும் குழப்பம் வராது.

இந்தக் கட்டமைப்பு எளிய ஓட்டு வீடுகளிலிருந்து மாளிகைகளாக வளரப் பணம் கடல் கடந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நகரத்தார் இலங்கைக்கும் மலாயாத் துறைமுகங்களுக்கும் போய்விட்டார்கள். சிங்கப்பூரில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்குப் பெரும் சந்தையைத் தந்தன. ஐராவதி டெல்டாவில் காடு திருத்திய உழவர்களுக்கு முன்பணம் கொடுக்க ஆங்கிலேய வங்கிகள் முன்வரவில்லை. அந்த இடத்தை நகரத்தாரின் லேவாதேவி நிரப்பியது. முதலாளியின் முகவர்கள் மூன்று ஆண்டுக் கணக்கில் போய், கிட்டங்கி எனப்படும் பொதுக் கிடங்குகளில் வரிசையாகப் பெட்டியும் பாயும் போட்டுத் தொழில் செய்தார்கள். மனைவி மக்கள் ஊரில். வெளிநாட்டில் ஒரு பெட்டியளவு இடத்தில் வாழ்ந்தவர் ஊரில் அரண்மனை கட்டியதில் முரண்பாடு ஒன்றுமில்லை. சம்பாதிக்கும் இடம் தற்காலிகம், வம்சம் நிற்கும் இடம் செட்டிநாடு. அப்பச்சி என்று அழைக்கப்படும் தகப்பனார் கடல் கடந்திருக்கும் ஆண்டுகளில் வீட்டுக் கணக்கு, கல்யாணப் பேச்சு, கட்டட வேலைக்காரரின் கூலி வரை ஆச்சிமார் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய அடுக்கைச் சேர்ந்த வீடுகளில் ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், மர அல்லது கல் தூண், தரைத்தளம் மட்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாடி வருகிறது. முகப்புக்கு மேல் கைப்பிடிச் சுவரும் சுதைச் சிற்பங்களும் எழுகின்றன. லட்சுமிக்கு இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நிற்பதை இன்றும் பல ஊர்களில் காணலாம். தூண் தலைப்பில் ஐரோப்பியப் பாணி இலைகள், வளைவுகள், வண்ணக் கண்ணாடி. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, பிரிட்டனில் வார்த்த இரும்புத் தூண், ஜப்பானியப் பூ ஓடு என்று வணிகப் பாதைகள் முழுவதும் வீட்டுக்குள் வந்து இறங்கின. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இந்தப் போக்கின் உச்சம். 1930களிலும் 40களிலும் கடைசி அடுக்கு. வழவழப்பான முனைகள், கிடைக்கோடுகள், சிமென்டு ஜாலிகள், முகப்பில் கட்டிய ஆண்டு. பம்பாயிலும் சென்னையிலும் அப்போது எழுந்த ஆர்ட் டெக்கோ பாணி இங்கேயும் வந்துவிட்டது.

இத்தனை பாணிகளும் முகப்பிலேயே நின்றுவிட்டன என்பதுதான் கவனிக்க வேண்டியது. கோட்டையூரில் ஆர்ட் டெக்கோ முகப்புக்குள் நுழைந்தாலும் பழைய ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தாலும் அதே முற்றம், அதே தாழ்வாரம், அதே இரட்டை வீடுகள். முகப்பு ஊருக்குக் காட்டுவது. அதில் ஒருவர் தம் விருப்பத்தையும் வசதியையும் காட்டிக்கொள்ளலாம். வளவு பங்காளிகளுக்கு உரியது. அதை மாற்றினால் புள்ளிக்கு இடமிருக்காது.

அயல்நாட்டுப் பொருட்களைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது உள்ளூர்க் கைத்திறனை. சுவருக்குப் பூசிய சாந்து பல படலங்கள் கொண்டது. சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்படலத்தில் முட்டையின் வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். வெள்ளையடிக்கத் தேவையில்லாமல் நூறு ஆண்டு கழிந்தும் கையால் தடவினால் சில்லென்று வழுக்கும் சுவர்கள் இப்போதும் இருக்கின்றன. கொத்தனார்களிடம் அந்தத் திறன் தலைமுறை தாண்டாமல் குறைந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு மட்டும் தப்பிப் பிழைத்தது. சிமென்டில் பூ ஓடு வார்க்கும் நுட்பம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, மணலும் கையும் உள்ளூர். கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்களில் வண்ணம் கலந்த சிமென்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் மேலே காய்ந்த கலவையும் சாந்தும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வருவதுதான். நடக்க நடக்க மெருகு கூடும். வறண்ட பூமிக்கேற்ற ஏற்பாடுகளும் உண்டு. கூரையிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரை வாய்க்கால் வழியாக வெளியே கொண்டுபோய் ஊருணியில் சேர்த்தார்கள்.

வம்சமும் வீடும் மிக நெருங்கி நிற்பது படைப்பில். ஒரே மூதாதையின் வழிவந்த பங்காளிகள் ஒரு குறிப்பிட்ட வீட்டில், அல்லது அதற்கென்றே உள்ள படைப்பு வீட்டில் கூடி, முன்னோருக்குப் புது வேட்டியும் சேலையும் உணவும் படைப்பார்கள். படைத்த துணி அதற்கென்று உள்ள பேழைப் பெட்டிக்குள் போகும். எந்த நாட்டில் இருந்தாலும் வரப் பார்ப்பார்கள். யார் யாருக்கு என்ன முறை என்பதைச் சிறுவர்கள் நேரில் பார்த்துக் கற்பது அன்றைக்குத்தான்.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை சரிந்தது. கடன் அடைக்க முடியாத பர்மிய உழவர்களின் நிலம் நகரத்தாரிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய அரிசி மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நிலம் 1938இல் 25 விழுக்காட்டை எட்டியது. நிலம் கேட்டு வந்தவர்களல்ல, பணமாகத் திரும்பப் பெறவே விரும்பினார்கள். ஆயினும் பறிகொடுத்தவனுக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தனர். 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. மாளிகைகள் கட்டுவது அத்தோடு ஏறத்தாழ நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள்.

வீடு தலைமுறைக்குத் தலைமுறை பங்குகளாகப் பிரிந்தது. ஐம்பது, அறுபது பேருக்கு உரிமையுள்ள வீடு இன்று சாதாரணம். ஒருவர் விற்க நினைத்தாலும் பழுதுபார்க்க நினைத்தாலும் எல்லாரும் இசைய வேண்டும். சில வீடுகள் தேக்குக்காகவே பிரிக்கப்பட்டன. நிலைகளும் தூண்களும் பெட்டகங்களும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து பெருநகர வீடுகளின் வரவேற்பறைக்குப் போயின. சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாயின. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்து நிறுவப்பட்டிருக்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன.

நகரங்களில் இப்போது செட்டிநாட்டுப் பாணி என்று விற்கப்படுவது பெரும்பாலும் முகப்பின் பகுதிகளே: இரண்டு தேக்குத் தூண், கொஞ்சம் ஆத்தங்குடிக் கல், கூடத்தின் மேலே ஒரு கண்ணாடித் திறப்பு. நால்வர் வாழும் வீட்டில் இரட்டை வீட்டுக்கு வேலையில்லை என்பதால் அது நியாயமானதே. ஊரில் உள்ள வளவுகளில் பலவும் ஆண்டில் சில நாட்கள் கல்யாணம், வயது நிறைவுச் சாந்தி, படைப்பு ஆகியவற்றுக்குத் திறக்கப்படுகின்றன. மற்ற நாட்களில் காவலுக்கு ஒருவர் இருக்க, இரட்டை வீடுகள் பூட்டியிருக்கின்றன; ஒவ்வொன்றின் சாவியும் அந்தந்தப் புள்ளியிடம்.