முல்லைக் காட்டின் நினைவு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில், மறைந்துபோன முல்லைக் காட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. குறும்பர்மேல் படையெடுத்த தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி பிணித்தது. அவன் வாளால் வெட்டவே, கொடியடியில் மறைந்திருந்த இலிங்கத்தினின்று குருதி பெருகியது என்பது தலவரலாறு. கொடி யானையைக் கட்டியதைச் சுந்தரர் தேவாரமும் கூறுதலால், இந்நினைவு ஆயிரமாண்டுக்கும் முற்பட்டதெனத் துணியலாம். கருவறைமுன் நிற்கும் எருக்கந்தூண்கள் இரண்டும் குறும்பர் கோட்டையினின்று கொணரப்பட்டவை என்பர்.

வென்றவனின் வாள் செய்த காயத்தை மரபு மறக்கவில்லை. வீழ்ந்த குறும்பர்க்கோ அத்தூண்களே சாட்சி. 2019-இல் ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டுப் பசுமைப் பூங்காவாயிற்று; இது மகிழ்தற்குரியதே. ஆயினும், மண்ணைப் புதுப்பிக்கும் நாம் அதனை இழந்தோரையும் நினைவுகூர்ந்தாலன்றி அப்பணி நிறைவுறாது.