நமாக்வாலாந்து டெய்சி

நமாக்வாலாந்து டெய்சி சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, ஓராண்டே வாழும் காட்டுப் பூச்செடி. இதன் தாவரவியல் பெயர் டைமார்ஃபோதிகா சினுவாட்டா. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலுள்ள நமாக்வாலாந்து வறள்நிலமும், அதை ஒட்டிய தென்மேற்கு நமீபியாவும் இதன் தாயகம். தென்கோளத்தில் வசந்தம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அங்கு நிலத்தை மூடும் ஆரஞ்சு நிறப் பூப்பரப்பில் பெரும்பங்கு இதனுடையது.

பெயர்

'இரண்டு', 'வடிவம்', 'பெட்டி' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொற்கள் சேர்ந்து 'டைமார்ஃபோதிகா' ஆயின. இச்செடியின் விதைகள் இரு வடிவங்களில் இருப்பதையே அது குறிக்கிறது. இலை விளிம்பு வளைந்து வளைந்து செல்வதால் 'சினுவாட்டா'. ஆப்பிரிக்க டெய்சி என்ற பொதுப்பெயரில் வேறு பல செடிகளும் விற்பனைக்கு வருகின்றன. ஓசூர் வட்டாரப் பசுமைக் குடில்களில் வளர்த்து, மேடை அலங்காரத்துக்கு அனுப்பப்படும் ஜெர்பெராவும் அப்பெயரால் அழைக்கப்படுவதுண்டு. அது இதே குடும்பத்தின் வேறொரு பேரினம்.

தோற்றம்

செடி 10 முதல் 30 செ.மீ. உயரம் வளரும். நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த கொத்து, அதாவது பூத்தலை. விளிம்பில் இதழ் போல நீண்டிருப்பவை பெண்பூக்கள். நடுவட்டில் நெருங்கியிருப்பவை குழாய் வடிவச் சிறுபூக்கள். நிறம் பெரும்பாலும் பளிச்சென்ற ஆரஞ்சு. வெளிர்நிறப் பூக்களும் உண்டு.

வெயில் ஏறிய பிறகே பூக்கள் விரிகின்றன. பிற்பகல் சாயும்போது மூடிக்கொள்கின்றன. மப்பும் மந்தாரமுமான நாட்களில் திறப்பதே இல்லை. விரிந்த பூ சூரியனை நோக்கியிருக்கும். அதனால் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கே பூக்களின் முகம் தெரியும். தென்கோளத்தில் உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுவதால், நமாக்வாலாந்தில் வடக்கிலிருந்து தெற்கே பயணம் செய்வோருக்குக் காட்சி முழுமையாகக் கிடைக்கிறது.

வளரிடம்

நமாக்வாலாந்தில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது; அதுவும் குறைவு. கோடை வறண்டது. இச்செடி அந்தக் கோடையைச் சந்திப்பதே இல்லை. மழையில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, விதை உதிர்த்து, வெயில் கடுமையாகுமுன் காய்ந்துவிடுகிறது. வறட்சியைத் தாங்குவது செடியல்ல, விதை.

உழுது கைவிட்ட வயல், அளவு மீறி மேய்ந்த நிலம் ஆகியவற்றில்தான் இது அடர்ந்து பூக்கிறது. புதரும் பல்லாண்டுச் செடிகளும் மீண்டும் வேரூன்றினால் இதன் இடம் சுருங்கும். பயணிகள் ரசிக்கும் பூப்பரப்புகளில் பல, சிதைந்த நிலத்தின் அடையாளங்களும் ஆகும்.

இருவகை விதை

முதிர்ந்த பூத்தலை ஒன்றை உள்ளங்கையில் உதிர்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். நடுவட்டில் விளைந்தவை தட்டையானவை. காகிதம் போன்ற மெல்லிய சிறகு சுற்றிலும் உள்ளவை. காற்று இவற்றை எளிதில் கொண்டுபோகும். ஈரம் கண்டதும் பெரும்பாலும் முளைத்துவிடும். விளிம்பில் விளைந்தவை சிறகற்றவை, சொரசொரப்பானவை. இவை தாய்ச்செடியின் அருகிலேயே விழுந்து, முளைக்கத் தாமதிக்கும். ஒரு மழையை நம்பி முளைத்தவை நீரின்றி மடிந்தாலும், மண்ணில் மிஞ்சியவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

வளர்க்கும் முறை

நாள் முழுதும் வெயில் படும் இடமும், நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை விதைக்கிறார்கள். குளிர்நாடுகளில் உறைபனி நீங்கிய வசந்தத்தில். இந்தியாவில் இது குளிர்காலத் தோட்டப்பூ. வட இந்தியச் சமவெளியில் செப்டம்பர், அக்டோபரில் விதைப்பது வழக்கம். கடும் வெப்பம் வந்தால் பூப்பது நின்றுவிடும்.

விதையை உலர்ந்த மணலுடன் கலந்து, கிளறிய மண்ணின் மேல் தூவி, லேசாக மூடினால் போதும். முளைத்து வேர் பிடிக்கும்வரை மண்ணின் ஈரம் காயக்கூடாது. நாற்றுகளைக் கலைத்து, செடிக்குச் செடி 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடலாம். பிறகு நீரைக் குறைக்க வேண்டும். உரம் மிகுந்தால் இலை தழைத்துப் பூ குறையும். நீர் மிகுந்தால் செடி அழுகும். தளிரில் அசுவினி தாக்குவதுண்டு. வாடிய பூக்களைக் கிள்ளிவந்தால் பூக்கும் காலம் நீளும்.

விதைக்கென்று சில பூத்தலைகளைக் கிள்ளாமல் விட்டு, அவை காய்ந்ததும் சேகரிக்க வேண்டும். அப்போது சிறகுள்ள விதைகளை மட்டும் பொறுக்காமல், விளிம்பிலுள்ள சொரசொரப்பான விதைகளையும் சேர்த்து எடுத்து வைப்பது நல்லது.