கரண்ட் பில் கட்டியாச்சா, இல்லையா? குழம்பினால் பணம் காலி! 40 பக்க நோட்டு போதும்

"போன மாத கரண்ட் பில் கட்டவில்லை. இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த நம்பருக்கு பேசவும்." 2022-ம் ஆண்டு தமிழகத்தில் பலரது செல்போனுக்கு இப்படி போலி எஸ்.எம்.எஸ். வந்தது. பதறிப்போய் பேசியவர்களை ஒரு 'ஆப்' டவுன்லோடு செய்ய வைத்து, வங்கி கணக்கில் இருந்த பணத்தை மர்ம ஆசாமிகள் சுருட்டினர்.

பில் கட்டியது நினைவில் இல்லாதவர்தான் இதில் பதறுவார். "5-ந்தேதியே கட்டியாச்சு" என்று கையில் கணக்கு வைத்திருப்பவரிடம் இந்த பருப்பு வேகாது.

எழுத வேண்டியது

இதற்கு 40 பக்க நோட்டு ஒன்று போதும். என்ன பில், கடைசி நாள், கட்டிய நாள், தொகை, ரசீது எண் என 5 கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

மின்கட்டணம் கணக்கெடுத்த நாளில் இருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். நகராட்சி, மாநகராட்சி சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. எல்.ஐ.சி. பிரீமியத்துக்கு மாதத்தவணை என்றால் 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு தவணை என்றால் 30 நாள் கூடுதல் அவகாசம். அதையும் தாண்டினால் பாலிசி காலாவதிதான்!

எழுதக்கூடாதது

ஏ.டி.எம். ரகசிய எண், யு.பி.ஐ. பின் நம்பர், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு ஆகியவற்றை நோட்டில் எழுதவே கூடாது. சீட்டுப்பணம், நகைக்கடன் வட்டி விவரங்களை ஹாலில் தொங்கும் காலண்டரில் எழுதுவதும் ஆபத்து. வருவோர் போவோர் எல்லாம் படிப்பார்கள். காலண்டரில் தேதிக்கு ஒரு வட்டம் மட்டும் போட்டுவிட்டு, விவரத்தை பீரோவில் இருக்கும் நோட்டில் எழுதலாம்.

கடையில் கொடுத்து கரண்ட் பில் கட்டுபவர்கள் மின் இணைப்பு எண்ணை மட்டும் சொன்னால் போதும். செல்போனையே கொடுத்து, பின் நம்பரையும் சொல்லிவிட்டு நிற்கக்கூடாது.

தானாக போகும் பணம்

'ஆட்டோ பே' போட்டிருந்தால், பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இது 2021 அக்டோபர் முதல் அமலில் உள்ளது. வேண்டாத சந்தா இருந்தால் யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோ பே' பகுதிக்கு போய் நாமே ரத்து செய்துவிடலாம். மாதம் ஒருமுறை அதை திறந்து பார்ப்பது நல்லது.

நோட்டு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கணும். குடும்ப தலைவர் திடீரென ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், பில் கட்ட அதுதான் கை கொடுக்கும்.

இத்தனைக்கும் மேல் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தளவுக்கு பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.