வேட்டைத் துப்பாக்கியும் ஈயக்குண்டும்: ஃபிக்ஹு அறிஞர்கள் எதிர்கொண்ட ஒரு கேள்வி

உருது பேசும் நம் வீடுகளில் துப்பாக்கியைப் 'பந்தூக்' என்பர். அரபியில் 'புந்துக்' என்பது முதலில் ஓர் உருண்டைக் கொட்டையின் பெயர். களிமண்ணை அக்கொட்டைபோல் உருட்டிக் காயவைத்து, வில்லில் வைத்துப் பறவைகளை அடிப்பது முற்கால வழக்கம். அவ்வுருண்டைக்கும் அப்பெயரே வழங்கிற்று. வெடிமருந்து வந்தபின் ஈயக்குண்டுக்கும், அதைச் செலுத்தும் இரும்புக் குழலுக்கும் அது உரியதாயிற்று. பெயரோடு ஒரு சிக்கலும் கூடவே வந்தது.

அடிபட்டுச் செத்த பிராணியை அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் விலக்குகிறது. வேட்டைக் கோலைப் பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) வினவியபோது, அதன் கூர்முனை தைத்துக் கொன்றதை உண்ணலாம், பக்கவாட்டில் மோதிக் கொன்றதை உண்ணலாகாது என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். களிமண் உருண்டையால் செத்ததை அடிபட்டுச் செத்ததாகவே இப்னு உமர் (ரலி) கருதினார்கள். அப்படியாயின் ஈயக்குண்டு துளைக்கிறதா, மோதுகிறதா?

திமிஷ்கில் வாழ்ந்து 1836இல் மறைந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், குண்டுக்குக் கூர்விளிம்பு இல்லை என்றார்; அது கனத்தாலும் வேகத்தாலும் சூட்டாலுமே காயப்படுத்துகிறது, ஆகவே அதனால் செத்தது ஹலால் ஆகாது என்பது அவர் முடிவு. அவருக்கு முன்பே இப்னு நுஜைம் அவ்வாறு தீர்ப்பளித்திருந்தார். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களும் அதனை ஹலாலாகக் கொள்வதில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், 1795 முதல் ஸன்ஆவின் தலைமைக் காழியாக இருந்த ஷவ்கானியிடமும் அறிஞர் சிலர் இதைக் கேட்டனர். யமன் நாட்டுக்கு இக்கருவி ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, ஆகவே முன்னோர் இதுபற்றிப் பேசவில்லை என்று கூறி, குண்டு உடலைக் கிழித்து ஒருபுறம் நுழைந்து பெரும்பாலும் மறுபுறம் வெளியேறுவதால் அது ஹலால் என்று அவர் முடிவுசெய்தார். மாலிகி அறிஞர் பலரும், குறிப்பாக ஃபாஸ் நகரத்தார், அனுமதியின் பக்கமே நின்றனர்.

இவ்விரு தரப்பாரும் வசனத்தில் முரண்படவில்லை. கருவியைக் கண்ட விதத்தில்தான் முரண்பட்டனர் என்பது நம் கருத்து. அன்றைய வேட்டைக்காரர் ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கி, இடுக்கிபோன்ற அச்சில் வார்த்து, ஒட்டிய பிசிறை அறுத்தெறிந்து உருண்டை செய்துகொண்டார். வழவழப்பான குழலிலிருந்து பாயும் அந்த உருண்டைக்கு முனை ஏது? இப்னு ஆபிதீன் கண்டது அதுவே. பின்னர், உட்புறத்தில் திருகாகச் செல்லும் பள்ளங்கள் கொண்ட குழல்கள் பெருகின. 1849இல் பிரான்சில் மினியே என்ற அதிகாரி வடிவமைத்த கூம்புக் குண்டு, சுடும்போது அடிப்பாகம் விரிந்து அப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று சென்றது. கூர்முனைக் குண்டுகளின் காலம் தொடங்கியது. இவற்றைப் பார்த்திருந்தால் இப்னு ஆபிதீன் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. எனினும் அவர் சொல்லாததை அவர்மீது ஏற்றுவது முறையன்று.

விவாதம் இவ்வாறிருக்க, வேட்டைக்காரரின் கைமுறை எளிதாகவே இருந்தது. சுடும்போது பிஸ்மில்லாஹ் கூறவேண்டும். பிராணி உயிரோடு கிடைத்தால் உடனே அறுக்கவேண்டும். அப்போது எந்த மத்ஹபின்படியும் தடை இல்லை. ஆகவே ஹனஃபி, ஷாஃபிஈ வேட்டைக்காரருக்குத் துப்பாக்கியைவிட இடுப்பிலிருக்கும் தீட்டிய கத்தியே முக்கியமானது. பழைய வெடிமருந்தின் கசடு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசாதவரின் துப்பாக்கி நாளடைவில் குறி தவறும். காயம்பட்ட மான் புதருக்குள் ஓடிச் செத்துக் கிடக்கும். கத்தி எட்டுவதற்குள் காலம் கடந்துவிடும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. நம் மதரஸாக்களில் வேட்டைப் பாடம் மட்டும் இன்றும் நடக்கிறது.